சொல்லடைவு வரிசையும் மூலநிரல் தொகுப்பும்: ஒருங்குறி நிரலகத்தைக் கட்டமைப்பதற்கான கருவித் தெரிவு

ஆய்வுச் சுருக்கம்

கணினிவழி உருவாக்கப்பெறும் சொல்லடைவுகளின் அகரவரிசை, ஆய்வாளர் எழுதும் நிரலைக் காட்டிலும் அந்நிரலுக்கு அடியில் இயங்கும் அமைப்பு நிரலகங்களையே பெரிதும் சார்ந்துள்ளது. அந்நிரலகம் மாறினால் வரிசையும் மாறுகின்றது. வரிசையைத் தம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள விரும்பும் ஆய்வாளர், ஐ.சி.யு. எனப்படும் ஒருங்குறி நிரலகத்தை மூலநிரலிலிருந்து தாமே தொகுத்துக்கொள்ளலாம். அதற்குரிய தொகுப்பி, கட்டமைப்புக் கருவி, தரவுக் கருவி ஆகியவற்றை எவ்வடிப்படையில் தெரிவு செய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: சொல்லடைவு, அகரவரிசை, ஒருங்குறி, மூலநிரல், தொகுப்பி, நிரலகம்.

முன்னுரை

ஒரே சொற்பட்டியலை இரண்டு கணினிகளில் ஒரே கட்டளையைக் கொண்டு வரிசைப்படுத்தும்போது இரு வேறு அடைவுகள் கிடைப்பது உண்டு. நிரலில் பிழையின்மையால் பலரும் தரவில் பிழை தேடுவர். பிழை இரண்டிலும் இருப்பதில்லை. வரிசைப்படுத்தும் கட்டளை, எந்த எழுத்து முன், எந்த எழுத்து பின் என்பதைத் தானே அறியாது. இயங்குதளத்தின் அடிப்படை நிரலகத்தைக் கேட்டே அறிகின்றது. கேட்கப்படும் நிரலகம் வேறானால் விடையும் வேறாகும்.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்த் துறையினர்க்குத் 'தொகுத்தல்' என்றவுடன் தொகை நூல்களும் அவற்றைத் தொகுத்தோரும் தொகுப்பித்தோரும் நினைவுக்கு வருதல் இயல்பு. இங்கு அச்சொல், மனிதர் படிக்கும் மூலநிரலைப் பொறி இயக்கும் வடிவிற்கு மாற்றுதலைக் குறிக்கும். அவ்வாறு மாற்றும் மென்பொருள் தொகுப்பி. பிற நிரல்கள் பயன்கொள்ளும் பொதுச் செயற்கூறுகளின் திரட்டு, புத்தக நூலகத்தோடு மயங்காதிருத்தற்பொருட்டு, நிரலகம் எனப்பெறுகின்றது.

இவ்விதழில் இப்பொருள் இடம்பெறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூரை ஒட்டியுள்ள பென்னலூரில், 1985இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியற் கல்லூரி இயங்குகின்றது. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை வாகன ஆலைகளும் மின்னணுப் பொருள் ஆலைகளும் சூழ்ந்த வட்டாரம் அது. சிறு கருவிகளுக்குரிய நிரலகங்களை மூலநிரலிலிருந்து தொகுத்தல் அத்தகைய ஆலைகளின் மென்பொருட் பணியில் அன்றாடத் தொழில். பென்னலூர்ப் பொறியாளருக்குத் தொகுக்கத் தெரியும். றகரத்திற்கு முன் லகரம் வரவேண்டும் என்பது தமிழாய்வாளருக்குத் தெரியும். இரண்டு அறிவும் ஒரே மேசைக்கு வருவது அரிதாக இருக்கின்றது. பின்வரும் விளக்கம் தமிழாய்வாளர் பக்கமிருந்து அந்த மேசைக்குச் செல்வதற்கானது.

குறியெண் வரிசையும் நெடுங்கணக்கும்

ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. பதின்ம எண்ணில் கூறினால் தமிழ்ப் பகுதி 2944இல் தொடங்குகின்றது. அகரம் 2949, ககரம் 2965. ஆனால் இவ்வெண்கள் நெடுங்கணக்கு முறையில் அமைந்தவை அல்ல. பிற இந்திய எழுத்துகளுக்கு ஒப்ப வைக்கப்பெற்றவை. எனவே நகரத்தை (2984) அடுத்து னகரமும் (2985), ரகரத்தை (2992) அடுத்து றகரமும் (2993) நிற்கின்றன. லகரம், ளகரம், ழகரம் மூன்றும் 2994 முதல் 2996 வரை தொடர்ந்து நிற்க, வகரம் அவற்றிற்குப் பின் 2997இல் வருகின்றது. சகரத்திற்கும் (2970) ஞகரத்திற்கும் (2974) இடையே கிரந்த ஜகரம் (2972) புகுந்துள்ளது.

வரிசைவிதி எதுவும் இல்லாத கணினி இவ்வெண்களை மட்டுமே ஒப்பிடும். விளைவு: 'அன்பு', 'அப்பம்' என்பதற்கு முன்னே வரும்; 'அறம்', 'அலை' என்பதற்கு முன்னே வரும். நெடுங்கணக்கின்படி இரண்டும் தவறு. சில நூறு சொற்களில் கண்ணால் பார்த்தே திருத்திவிடலாம். ஓர் இலக்கியத் தொகுதி முழுமைக்கும் அடைவு செய்வோர் அவ்வாறு திருத்த இயலாது.

புள்ளியின் நிலை இதனினும் நுட்பமானது. புள்ளியின் எண் 3021. அது உயிர்க்குறிகள் அனைத்திற்கும் பின்னது. ஔகாரக் குறிகூட 3020தான். ஆகவே குறியெண் வரிசையில் 'கடல்' முன்னும் 'கட்சி' பின்னும், 'கலம்' முன்னும் 'கல்' பின்னும் வரும். இதனைப் பிழை என உடனே தள்ளிவிட இயலாது. அகராதிகளில் மெய்யை அதன் உயிர்மெய்களுக்கு முன் வைக்கும் முறையும் உண்டு. பின் வைக்கும் முறையும் உண்டு. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்து முன்னுரையில் அறிவிப்பது பதிப்பாசிரியர் கடன். இன்று பல அடைவுகளில் அத்தெரிவை எவரும் அறியாமல் கணினி செய்துவிடுகின்றது என்பதே கவலைக்குரியது.

ஆய்தம் குறித்து ஒன்று கூறலாம். அதன் எண் 2947, அகரத்திற்கும் முந்தியது. ஆயினும் ஆய்தம் சொல்லின் முதலில் வாராமையாலும், குற்றெழுத்தை அடுத்து வல்லின உயிர்மெய்க்கு முன்னரே வருதலாலும், நடைமுறை அடைவுகளில் இப்பிறழ்ச்சி பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. தொல்காப்பிய விதி தற்செயலாகக் கணினியைக் காப்பாற்றிவிடுகின்றது!

ஒரே எழுத்து இரு வடிவில் சேமிக்கப்பெறுதலும் உண்டு. 'கொ' என்பது ககரத்துடன் ஒகரக் குறி (3018) சேர்ந்தும் இருக்கலாம். எகரக் குறியும் (3014) காலும் (3006) தனித்தனியே சேர்ந்தும் இருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒருங்குறி இவற்றைச் சமமானவை என வரையறுத்துள்ளது; ஆனால் அச்சமன்மையை உணரும் நிரலகம் இல்லையேல், ஒரே சொல் அடைவில் இரண்டு பதிவுகளாகப் பிரிந்து, நிகழ்வெண்ணிக்கையும் பிழையாகும்.

எந்நிரலகம் விடை கூறுகின்றது?

லினக்ஸ் இயங்குதளத்தில் வரிசைமுறையை வினவும் நிரல் பெரும்பாலும் ஜி.என்.யூ. சி நிரலகத்தையே அடைகின்றது. சுருக்கமாக ஜிலிப்சி என்பர். இதில் ஐ.எஸ்.ஓ. 14651 தரத்தை அடியொற்றிய வரிசை அட்டவணை உண்டு. 2018 ஆகஸ்டில் வெளிவந்த 2.28ஆம் பதிப்பில் இவ்வட்டவணை முழுமையாகப் புதுப்பிக்கப்பெற்றது. அதன் விளைவு தரவுத்தள உலகில் நன்கறியப்பட்டது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களில் பழைய வரிசைப்படி கட்டப்பெற்றிருந்த தேடல் அடைவுகள், இயங்குதளத்தைப் புதுப்பித்தபின் புதிய வரிசைப்படி தேடப்பெற்றன. இருக்கும் பதிவையே இல்லை எனத் தரவுத்தளம் கூறும் நிலை உண்டாயிற்று. தரவில் ஒரு பைட்டும் மாறவில்லை. அடியிலிருந்த நிரலகம் மட்டுமே மாறியது. உபுண்டு 18.04 பதிப்பில் ஜிலிப்சி 2.27 இருந்தது, டெபியன் 10இல் 2.28 வந்தது.

ஆல்பைன் லினக்ஸ் ஜிலிப்சிக்கு மாற்றாக 'மசல்' என்னும் சிறு நிரலகத்தைப் பயன்கொள்கின்றது. மசலில் மொழிவாரி வரிசைமுறை இல்லை. தமிழ் வட்டார அமைவைக் குறிப்பிட்டாலும் குறியெண் ஒப்பீடே நிகழும். இணையச் சேவைகளுக்குரிய சிறு கொள்கலன்கள் பல ஆல்பைனை அடித்தளமாகக் கொண்டவை. ஆய்வாளர் தம் மேசைக் கணினியில் சரிபார்த்த அடைவு, சேவையகத்தில் ஏற்றியபின் 'அறம்', 'அலை' என்று தலைமாறி நிற்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது வழி ஐ.சி.யு. ஐ.பி.எம். நிறுவனத்தால் 1999இல் திறந்த மூலமாக வெளியிடப்பெற்று, 2016 முதல் ஒருங்குறிச் சேர்த்தியத்தின் பொறுப்பில் உள்ள நிரலகம் இது. இயங்குதளத்தைச் சாராமல் எங்கும் ஒரே விடை தருதலே இதன் நோக்கம். இதன் மொழித்தரவு சி.எல்.டி.ஆர். என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து வருகின்றது. தமிழுக்கெனத் தனி வரிசைவிதியும் அதில் உண்டு. போஸ்ட்கிரெஸ் தன் 10ஆம் பதிப்பு முதல் இதனையும் ஏற்கின்றது. பைத்தான் மொழியில் பைஐசியு என்னும் இணைப்பின்வழி இதனை அழைக்கலாம்.

தொகுக்கத்தான் வேண்டுமா?

பலருக்கு வேண்டியதில்லை என்பதே என் கருத்து. மெய்யெழுத்தின் இடம், கிரந்த எழுத்துகளின் இடம் ஆகியவற்றை மாற்றுவது மட்டுமே நோக்கமெனில், ஐ.சி.யு.வுக்கு இயங்கும்போதே ஒரு விதிச்சரத்தை அளித்தால் போதும். அவ்விதிச்சரத்தை அடைவின் பின்னிணைப்பாகவும் அச்சிடலாம். ஜிலிப்சியிலும் ஓரளவு இது இயலும்: தமிழ் வட்டார அமைவுக் கோப்பைப் படியெடுத்துத் திருத்தி, உடன்வரும் கருவியால் அக்கோப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், நிரலகத்தைத் தொட வேண்டியதில்லை.

தொகுப்பது தேவையாகும் சூழல்கள் மூன்று. முதலாவது, இயங்குதளத்தில் உள்ள பதிப்பு ஆய்வுப்பொருளுக்குப் பிந்தியதாக இருத்தல். தமிழ்ப் பின்ன எண்களும் அளவைக் குறியீடுகளும் 2019இல் ஒருங்குறி 12.0இல் தமிழ்த் துணைப்பகுதியாகச் சேர்க்கப்பெற்றன. அவற்றை அறிந்த முதற் பதிப்பு ஐ.சி.யு. 64. உபுண்டு 18.04இல் இருந்ததோ 60. டெபியன் 10இல் 63. கல்வெட்டுகளிலும் ஏட்டுக் கணக்குகளிலும் மா, காணி, முந்திரி ஆகியவற்றை அடைவு செய்வோர்க்கு இவ்விரண்டிலும் அக்குறிகள் ஒதுக்கப்பெறாத வெற்றிடங்களே. இரண்டாவது, பல்லாண்டுத் திட்டத்தில் பதிப்பை மாறாமல் நிறுத்திவைக்கும் தேவை. மூன்றாவது, சிறு கருவிக்குள் வைத்தற்குத் தரவைக் குறைக்கும் தேவை.

ஜிலிப்சியைத் தொகுத்து இயங்குதளத்தின் நிரலகத்திற்கு மாற்றாக வைப்பதை மட்டும் முயலவேண்டா. கணினியின் ஏறத்தாழ எல்லா நிரல்களும் அதன்மேல் நிற்கின்றன. நிறுவுமிடத்தில் ஒரு பிழை நேர்ந்தால் கோப்புப் பட்டியலைக் காட்டும் எளிய கட்டளைகூட இயங்காது. அதன் கருவித் தேவையும் கண்டிப்பானது: ஜி.சி.சி. தொகுப்பியைக் கருதியே எழுதப்பெற்றது. மூலநிரல் அடைவுக்குள்ளேயே கட்டமைக்க மறுக்கும். செம்மையாக்கம் இன்றித் தொகுக்க இயலாது. ஐ.சி.யு. அத்தகையதன்று. அதனைத் தனி அடைவில் வைத்து, வேண்டாதபோது அழித்துவிடலாம். அதன் செயற்கூறுகளின் பெயர்களில் பதிப்பெண்ணும் பொதிந்திருத்தலால் பழையதும் புதியதும் ஒரே கணினியில் மோதாமல் வாழும்.

தொகுப்பியைத் தெரிவு செய்தல்

ஐ.சி.யு. சி, சி++ ஆகிய இரு மொழிகளில் எழுதப்பெற்றது. 2017இல் வந்த 59ஆம் பதிப்பு முதல் சி++11 தரமும், 2024இல் வந்த 75ஆம் பதிப்பு முதல் சி++17 தரமும் தேவை. இதுவே முதல் வடிகட்டி. பல்கலைக்கழக ஆய்வகங்களில் நெடுநாள் நிலைத்திருந்த சென்ட்ஓஎஸ் 7இன் இயல்புத் தொகுப்பி ஜி.சி.சி. 4.8, அது சி++17ஐ அறியாது. அங்குப் புதிய தொகுப்பியைத் தனியே நிறுவ வேண்டும். அல்லது 74 அல்லது அதற்கு முந்திய பதிப்போடு அமைய வேண்டும். பின்னங்கள் மட்டுமே தேவையெனில் 64க்கு மேற்பட்ட எதுவும் போதுமாதலால், புதியதையே நாடவேண்டிய கட்டாயம் இல்லை.

ஜி.சி.சி.யா, கிளாங்கா என்பது பலர் எழுப்பும் வினா. இரண்டும் ஐ.சி.யு.வைத் தொகுக்கும், இரண்டிலும் அகரவரிசை ஒன்றாகவே அமையும், ஏனெனில் வரிசை அட்டவணையில் உள்ளதேயன்றித் தொகுப்பியின் கணிப்பில் உள்ளதன்று. வேகத்தில் காணும் சிறு வேற்றுமை சொல்லடைவுக்குப் பொருட்டல்ல. கருத வேண்டியது வேறு: ஐ.சி.யு.வோடு இணையவிருக்கும் பிற நிரல்கள் எதனால் தொகுக்கப்பெற்றன? சி++ மொழியில் செயற்கூறுகளின் பெயர்களும் தரவு அமைப்பும் அம்மொழியின் செந்தர நிரலகத்தைச் சார்ந்து மாறும். ஜி.சி.சி.யின் செந்தர நிரலகமும், கிளாங்குடன் வரும் செந்தர நிரலகமும் ஒன்றுக்கொன்று பொருந்தா. ஜி.சி.சி.யிலேயே 2015இல் வந்த 5ஆம் பதிப்பில் சரங்களின் உள்ளமைப்பு மாறியது. ஆகவே பைஐசியு எத்தொகுப்பியால் கட்டப்பெறுமோ அதனாலேயே ஐ.சி.யு.வையும் கட்டுதல் நன்று. லினக்ஸில் அது பெரும்பாலும் ஜி.சி.சி.; மேக் கணினியில் கிளாங். இயங்குதளத்தின் வழக்கை மீறுவதற்குத் தக்க காரணம் இல்லாதவிடத்து மீறாதிருத்தலே சிக்கனம்.

தொகுப்பியை நம்பலாமா என்னும் வினாவும் உண்டு. கென் தாம்சன் 1984இல் வெளியான தம் டூரிங் விருதுரையில், மூலநிரலில் சுவடின்றித் தொகுப்பியே தீங்கைப் புகுத்த இயலும் எனக் காட்டினார். ஏட்டின் பாடத்தைப் படியெடுப்போர் மாற்றிவிடுவதை அறிந்த பாடவியலார்க்கு இது புதிதன்று. மூலம் கையில் இருத்தல் மட்டும் போதாது. படியெடுத்தவர் யார் என்பதும் தெரிய வேண்டும்.

கட்டமைப்புக் கருவியும் தரவுக் கருவியும்

யூனிக்ஸ் வழிக் கணினிகளில் ஐ.சி.யு.வைக் கட்டமைக்க ஜி.என்.யூ. மேக் தேவை. பி.எஸ்.டி. வழியில் உள்ள மேக் பெயரால் ஒத்திருப்பினும் பயன்படாது. இயங்குதளத்தின் பெயரைக் குறிப்பிட்டால் உரிய தெரிவுகளைத் தானே அமைக்கும் முன்னமைவுக் கட்டளைக்கோப்பு ஒன்று உடன் வருகின்றது. தனித்தனியே கொடிகளை எழுதுவதைவிட இதனைப் பயன்கொள்ளுதல் பாதுகாப்பானது. விண்டோஸில் விசுவல் ஸ்டூடியோவுக்கான திட்டக்கோப்பு உண்டு.

பெரும்பாலோர் இடறுமிடம் தரவு. வெளியீட்டு மூலநிரல் பொதியில் மொழித்தரவு ஏற்கெனவே தொகுக்கப்பெற்ற ஒரே கோப்பாக உள்ளது. தமிழ் வரிசைவிதியின் படிக்கத்தக்க மூலம் அதில் இல்லை. விதியைத் திருத்த விரும்புவோர் தனியே வெளியிடப்பெறும் தரவுப் பொதியை இறக்கி, தரவு அடைவு முழுவதையும் அதனால் மாற்றி வைக்க வேண்டும். அவ்வாறு செய்தவுடன் மற்றொரு கருவி தேவையாகின்றது: 64ஆம் பதிப்பு முதல் தரவைக் கட்டும் பணி பைத்தான் நிரல்களிடம் ஒப்படைக்கப்பெற்றுள்ளது. பைத்தான் இல்லாத கணினியில் நிரலகத்தைத் தொகுக்கலாம். தரவை மறுபடி கட்ட இயலாது. தமிழாய்வாளர் தொகுக்க முற்படுவதே தரவின்பொருட்டாதலால், பைத்தான் 3 இன்றியமையாதது எனக் கொள்ளலாம்.

முழுத் தரவும் 25 மெகாபைட்டுக்கு மேற்பட்டது. நூற்றுக்கணக்கான மொழிகளின் நாட்பெயர், நாணயப்பெயர் முதலியன எல்லாம் அதில் அடங்கும். தமிழும் ஆங்கிலமும் போதுமெனில், எவை வேண்டும் என்பதைக் குறிக்கும் வடிகட்டிக் கோப்பு ஒன்றை எழுதித் தரவைச் சுருக்கலாம். திரையும் சிறு நினைவகமும் உடைய கருவிகளைச் செய்யும் ஆலைகளுக்கு இதுவே பயனுள்ள வழி. அங்குத் தொகுக்கும் கணினியும் இயக்கும் கருவியும் வெவ்வேறு செயலிகளைக் கொண்டவையாதலால் குறுக்குத் தொகுப்பு தேவை. ஐ.சி.யு.வில் இதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. தரவைக் கட்டும் துணைக்கருவிகளும் அதே மூலநிரலிலிருந்து பிறப்பவை. கருவியின் செயலிக்குத் தொகுத்தால் அவை மேசைக் கணினியில் இயங்கா. எனவே முதலில் மேசைக் கணினிக்கு ஒருமுறை முழுதும் கட்டி, அந்த அடைவைச் சுட்டிக்காட்டிய பின்னரே கருவிக்கு இரண்டாம் முறை கட்ட வேண்டும். இரு கட்டமைப்பும் ஒரே பதிப்பினவாக இருத்தல் வேண்டும்.

சரிபார்த்தலும் பதிவு செய்தலும்

மூலநிரல் பொதியை இறக்கியவுடன் உடன்வெளியிடப்பெறும் சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிடுதல் முதற்படி. கட்டி முடித்தபின் உடன்வரும் சோதனைத் தொகுதியை இயக்குதல் அடுத்தது. அதில் தேறாத கட்டமைப்பை நிறுவலாகாது. நிறுவுமிடம் ஆய்வாளரின் சொந்த அடைவாகவோ தனித்த ஓர் அடைவாகவோ இருக்கட்டும். பின்னர்ப் பைஐசியுவை நிறுவும்போது அவ்வடைவைச் சுட்டாவிடில், அது இயங்குதளத்தின் பழைய ஐ.சி.யு.வையே தேடி இணைத்துக்கொள்ளும். தொகுத்தும் பயனில்லாமற் போவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். நிரலின் முதல்வரியிலேயே இயங்கும் ஐ.சி.யு. பதிப்பெண்ணை அச்சிடச் செய்தால் ஐயம் நீங்கும்.

மென்பொருளின் சோதனைகள் தமிழ் அடைவின் தேவையனைத்தையும் அறியா. ஆய்வாளர் தாமே ஒரு சிறு சோதனைப் பட்டியல் வைத்திருத்தல் வேண்டும். 'அலை–அறம்', 'அப்பம்–அன்பு' ஆகியவை மெய்வரிசையைக் காட்டும். 'கல்–கலம்', 'கட்சி–கடல்' ஆகியவை மெய் முன்னா பின்னா என்பதைக் காட்டும். 'ஞாயிறு–ஜாதி' கிரந்த எழுத்தின் இடத்தைக் காட்டும். ஈருருவில் எழுதப்பெற்ற 'கொடி' ஒரே பதிவாகின்றதா என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்ரீ என்பதில் தனிக் கவனம் தேவை: ஸகரத்தால் அமைந்ததும், 2005இல் ஒருங்குறி 4.1இல் சேர்ந்த ஶகரத்தால் அமைந்ததும் திரையில் ஒன்றாகத் தோன்றினும் ஒருங்குறி அவற்றைச் சமமாகக் கொள்வதில்லை. அவற்றை ஒன்றாக்கும் பொறுப்பு விதி எழுதுவோருடையது. எந்நிரலகமும் அதனைத் தானாகச் செய்யாது.

அடைவின் முன்னுரையில் பயன்கொண்ட பதிப்புகளையும் ஏடுகளையும் பட்டியலிடும் வழக்கம் நமக்கு உண்டு. அப்பட்டியலிலேயே ஐ.சி.யு. பதிப்பு, சி.எல்.டி.ஆர். பதிப்பு, திருத்திய வரிசைவிதி முழுமையும், தொகுப்பியின் பெயரும் பதிப்பெண்ணும் என நான்கு வரிகளைச் சேர்க்கலாம். வரிசையை ஒப்பிடுவதற்கு முதல் மூன்றும் போதும். நான்காவது, பின்னாளில் வேறொருவர் அதே நிரலகத்தை மறுபடி கட்ட முற்பட்டு அது கட்டமையாதபோது உதவும். மூலநிரல் பொதியின் ஒரு படியையும் தரவுப் பொதியையும் ஆய்வுத்தரவோடு சேர்த்துத் துறையின் சேமிப்பகத்தில் வைத்தல் வேண்டும். சுருக்கிய நிலையில் இரண்டும் சேர்ந்து, மின்வருடிய ஏட்டுப் படிமங்கள் சிலவற்றிற்கு ஆகும் இடத்தையே கொள்ளும்.